குடும்பத் தலைவர் ரூட்

கோகிலவாணியின் ஃபோனில் எல்லாம் ஓடும். பஞ்சாலைக்குச் சம்பளக் கணக்குப் போடுகிற நிரல் ஓடும். ஒரு பள்ளிக்கூடத்தின் வலைத்தளத்தையே அதில் ஏற்றி நடத்தலாம். ஆசைப்பட்டால் நான்கு பிரிண்டர்களை இணைத்து வேலை வாங்கலாம். ஃபோன் பேசுவதுதான் கொஞ்சம் சிரமம். எதிர்முனை பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. "கல்யாணமானவங்களுக்கு இது பழக்கந்தானுங்களே" என்று இதற்குச் சமாதானம் சொல்வார் நாச்சிமுத்து. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அந்த ஃபோனுக்குள் இருந்தது கதம்பம். மேசைக் கணினிக்கும் ஆலை சர்வருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று யாரோ பத்துப் பேர் ஒரு காலத்தில் கட்டிய லினக்ஸ் இயங்குதளம் அது. அதைப் பிடித்து மடக்கி ஒடுக்கி, செத்துப்போன ஃபோன்களுக்குள் அடைக்கும் வேலை கோயம்புத்தூர் கணபதி பகுதியில், மோட்டார் காயில் சுற்றும் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. நாச்சிமுத்து, கோகிலவாணி, இன்னும் முகம் பார்த்திராத நாற்பது தன்னார்வலர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, அதனால் யாரும் யார் சொல்வதையும் கேட்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஒரு பொத்தான் திரையின் இடப்பக்கம் இருக்க வேண்டுமா வலப்பக்கமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். மைக் வேலை செய்யாததைப் பற்றி மட்டும் சண்டையே வரவில்லை. அதைச் சரிசெய்ய ஒருவருக்கும் தெரியவில்லை.

செத்துப்போன ஃபோனை எதற்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டால், அது அரசாங்கத்தின் புண்ணியம். குடிமக்கள் இருப்பு வாரியம் என்று ஒன்று அமைத்து, 'உள்ளேன்' என்று ஒரு செயலியைக் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டால் எழுந்து சொல்வோமே, அதேதான். காலையில் ஃபோனுக்கு முகத்தைக் காட்டினால் பச்சை டிக் விழும். அன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். ரேஷன் கடை, பஸ், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் உங்களைக் கண்டுகொள்ளும். ஆனால் ஃபோன் செய்த கம்பெனி 'இந்த மாடலுக்கு ஆயுள் முடிந்தது' என்று அறிவித்துவிட்டால் செயலி அதில் ஓடாது. ஃபோனுக்கு ஆயுள் முடிந்தால் ஆளுக்கும் முடிந்த மாதிரிதான். புது ஃபோன் வாங்கி மறுபடி பிறந்து வர வேண்டும்.

வாங்க முடியாதவர்கள் கணபதி மாடிப்படி ஏறினார்கள். கதம்பத்தை ஏற்றியதும் பச்சை டிக் விழுந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, அவர்கள் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோய், மூன்று லட்சம் ஃபோன்களைத் தாண்டிவிட்டது. 'உங்க ஃபோனுக்கு நீங்கதான் முதலாளி' என்று நாச்சிமுத்து சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்.

கொள்கை விஷயத்தில் மனிதர் படு இறுக்கம். அந்தச் செயலி ஃபோனிடம் தோண்டித் தோண்டிக் கேட்கும். உன்னிடம் எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறார்கள், அவர்களில் அதிகாரம் கூடியவர் யார் என்றெல்லாம் விசாரிக்கும். கம்பெனி ஃபோனில் இருப்பது ஒரே ஆள், பதிலும் ஒரே வரி. கதம்பமோ பலர் புழங்கும் பெரிய கணினிக்கென்று பிறந்தது. அச்சு வேலைக்கு ஒரு கணக்கு, தபாலுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று உள்ளே ஒரு வேலைக்காரக் கூட்டமே இருக்கும். இவர்கள் எல்லோருக்கும் மேலே, எதையும் திறக்கவும் எதையும் அழிக்கவும் உரிமையோடு ரூட் என்று ஒரு கணக்கு. இவர்கள் யாரும் மனிதர்கள் இல்லை, நிரல்கள் தங்கள் எல்லைக்குள் நிற்பதற்காக வைத்த பெயர்கள்.

"இந்த வேலைக்காரப் பேரெல்லாம் செயலிகிட்ட எதுக்குங்ணா? மனுசங்களை மட்டும் சொல்லட்டும்" என்று கோகிலவாணி அப்போதே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள்.

கதம்பத்தில் எந்தத் திருத்தம் சேர வேண்டுமென்றாலும் நாச்சிமுத்துவின் சம்மதம் வேண்டும். அவர் தரவில்லை. "அம்மணி, கம்பெனிக்காரன் ஃபோனு மறைக்குதுன்னுதானே நாம இதை ஆரம்பிச்சோம்? நம்முளுதும் மறைச்சா அப்பறம் என்ன வித்தியாசம்? கேட்டா கேட்டதுக்கு உண்மையச் சொல்லோணும். பொய் சொல்ற சிஸ்டம் எனக்கு வேண்டாம்."

திருத்தம் அப்படியே வரிசையில் நின்றது. பச்சை டிக் விழுகிறதா? விழுகிறது. அதற்கு மேல் செயலிக்குள் போய் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பச்சையாக இருந்தால் வெளியிட்டுவிடுவது இவர்களுடைய குலவழக்கம்.

கோகிலவாணியின் வீட்டுக்காரன் திருமூர்த்தி பம்புசெட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். அவனுடைய கணக்கும் அவள் ஃபோனில்தான் இருந்தது, காலையில் அதற்குத்தான் முகத்தைக் காட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு, "தலை ஒரு மாதிரி இருக்குது கோகிலா" என்று சொல்லி எழுந்தவன், அப்படியே சுவரோரமாகச் சரிந்தான். அவள் ஃபோனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். "ஹலோ, சொல்லுங்க, ஹலோ" என்று ஒரு பெண் குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் கத்தினாள். "யாரோ விளையாடறாங்க" என்று அந்தக் குரல் பக்கத்தில் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. தானே கட்டிய ஃபோனைச் சோபாவில் எறிந்துவிட்டு, எதிர்வீட்டு ஜெயக்கொடியின் கதவை இரண்டு கையாலும் தட்டினாள் கோகிலவாணி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அருள்ஜோதி சுற்றி வளைக்கவில்லை. "மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. உள்ள வீங்குது. மண்டையோட்டுல ஒரு துண்டை எடுத்து இடம் விட்டாத்தான் பிழைப்பாரு. தியேட்டர் ரெடி பண்றேன், நீங்க சம்மதம் குடுத்துட்டு வாங்க."

சம்மதப் பிரிவில் ரோஸ்லின் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். திருமூர்த்தியின் பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"கூட்டுக் குடும்பமுங்களா? இருபத்தேழு பேரு இருக்கீங்க. இந்தக் காலத்துல பெரிய விசயமுங்க."

"என்னது?"

"நீங்க சம்சாரம், சரிங்க. ஆனா குடும்பத் தலைவருதான் சம்மதம் தரோணும். ரூட்டுன்னு போட்டிருக்கு. உங்க மாமனாருங்களா? பைபிள் பேராட்ட இருக்குதே, எங்க சபை ஆளுகளா?"

கோகிலவாணி மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். திரையை எட்டிப் பார்த்தாள். தலைவர் ரூட். அதற்குக் கீழே அச்சுக்காரர், தபால்காரர், கடிகாரக்காரர் எல்லோரும் உறவினர்களாக வரிசை கட்டி நின்றார்கள். அவர்களுக்கும் கீழே, கடைசியில், திருமூர்த்தி.

"ஏங்க, இது ஆளே இல்லீங்க. ஃபோனுக்குள்ள இருக்கற ஒரு கணக்கு."

"ஆளே இல்லாம எப்படீங்க குடும்பத் தலைவரா இருப்பாரு?"

நிறைய வீடுகளில் அப்படித்தான் என்று வேறொரு நாளாக இருந்தால் கோகிலவாணி சொல்லியிருப்பாள். "அவசரம்னா டாக்டரே பண்ணலாமில்லீங்களா?" என்றாள்.

"சொந்தக்காரங்க யாருமே இல்லீன்னாப் பண்ணலாமுங்க. உங்களுக்குத் தலைவரே இருக்காரே. இன்னைக்குக் காலைல கூட உள்ளேன் சொல்லியிருக்காரு. ஒரு நாள் விட்டதில்லீங்க. உங்க வீட்டுக்காரருதான் நடுவுல ரெண்டு மூணு தரம் விட்டிருக்காரு." ரோஸ்லினுக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது. "அவரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கக்கா. இந்தப் பொட்டி அவரு விரலில்லாமத் தொறக்காது. வாரியத்துல மாத்தறதுன்னா ஒரு மாசம் ஆகும்."

ரோஸ்லினின் ஃபோனை வாங்கி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள் கோகிலவாணி. அவர் வைத்திருப்பதும் கதம்பம்தான். அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது கேட்காது. நடந்ததையெல்லாம் அந்த மௌனத்திடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. "உண்மையச் சொல்ற சிஸ்டமுங்ணா, நல்லா உண்மையச் சொல்லிருச்சுங்ணா" என்று முடித்தாள். பதில் வராது என்று தெரியும். ஆள் வருவார் என்றும் தெரியும்.

வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ரோஸ்லினிடம் முதலில் லினக்ஸ் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். அவள் கேட்டாள், பாவம். கடைசியில், "எல்லாஞ் சரிங்க. ரூட்டு பேருல முகமும் ரேகையும் நிலுவைன்னு காட்டுது. அவரு ஒருக்கா வந்து வெச்சாப் போதும்" என்றாள்.

நாச்சிமுத்து கோகிலவாணியைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் திருமூர்த்தி கிடந்தான், தலையைப் பாதி மழித்திருந்தார்கள். வாழ்நாளில் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்குக் கூட வயதை மறைக்காத மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாந்தானுங்க ரூட்டு."

"அண்ணா!"

"சும்மா இரு அம்மணி." கட்டை விரலை வைத்தார்.

ரோஸ்லின் நெற்றியைச் சுருக்கினாள். "இந்த விரலு ஏற்கெனவே நாச்சிமுத்துன்னு ஒருத்தரு பேருல இருக்குதுங்களே. ஒரு ரேகைக்கு ஒரு ஆளுதான். ஒருத்தரை எடுத்துரும்."

"யாரை எடுக்கும்?"

"பொறுப்புக் கம்மியா இருக்கறவரை. நாச்சிமுத்துவுக்குக் குடும்பமே இல்லீங்க. ரூட்டுக்கு..." அவள் திரைக்கு அருகே குனிந்தாள். "மூணு லட்சத்துச் சொச்சம் குடும்பம்னு காட்டுது. சர்வர் மக்கர் பண்ணுதாட்ட இருக்கு. அமுக்கட்டுங்களா?"

மூன்று லட்சம் ஃபோன்களிலும் ரூட் இருந்தது. ஒரே பெயர், ஒரே எண். ஃபோன் விழிக்கும்போதெல்லாம் அதுவும் விழிப்பதைச் செயலி வருகையாக எழுதிக்கொண்டிருந்தது. வாரியம் அதை ஒரே ஆளாகத்தான் எண்ணி வைத்திருந்தது, விரல் மட்டும்தான் பாக்கி. நாச்சிமுத்துவுக்கு இது அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. கோகிலவாணிக்கும் புரிந்தது.

"அமுக்குங்க" என்றார்.

திருமூர்த்தி பிழைத்தான். எடுத்த எலும்புத் துண்டைத் தூக்கிப் போடவில்லை. அவன் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள், கெடாமல் இருக்க அதைவிட நல்ல பெட்டி இல்லை என்றார் டாக்டர் அருள்ஜோதி. வீக்கம் வடிந்ததும் இன்னொரு ஆபரேஷன் செய்து பழைய இடத்தில் பொருத்த வேண்டும். அதுவரை தலையின் இடப்பக்கம் வெறும் தோல். கதவு நிலையில் லேசாக இடித்துக்கொண்டால் கூட ஆள் காலி.

மறுநாள் காலை நாச்சிமுத்துவின் ஃபோன் "வணக்கம், ரூட் அவர்களே" என்றது. அதன்பின் மணி அடிப்பதை நிறுத்தவே இல்லை. மூன்று லட்சம் குடும்பங்களின் விண்ணப்பங்கள் தலைவரின் சம்மதத்துக்காகக் காத்துக் கிடந்தன. கல்யாணப் பதிவு, பள்ளிக்கூட மாற்றம், வீட்டு வாடகை, கண் ஆபரேஷன், எல்லாம். இத்தனை நாளாக நிலுவை நிலுவை என்று வந்தபோது ஒருவர் கூடச் சந்தேகப்படவில்லையா என்று கேட்கிறீர்களா? அரசாங்கக் காரியம், இழுக்கத்தான் செய்யும் என்று மூன்று லட்சம் குடும்பமும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருந்தது. நம் ஜனங்களின் பொறுமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

கோகிலவாணி தன் பழைய திருத்தத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போனாள். "இதைச் சேத்துட்டா ரூட்டும் வேலைக்காரங்களும் செயலி கண்ணுல படமாட்டாங்கண்ணா. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்களே தலைவரு."

"சேத்தா நான் என்ன ஆவேன்?"

அவளுக்குப் பதில் தெரியும். நாச்சிமுத்துவை வாரியம் அழித்துவிட்டது. ரூட்டுக்கு ஒரு குடும்பமும் இல்லாமல் போனால் அதையும் அழித்துவிடும். மிச்சம் இருப்பது ஒரு கட்டை விரல்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். தன் வீட்டுக்காரனுக்காகப் பேரைத் தொலைத்த மனிதரிடம் மறுபடி எப்படிக் கேட்பது? அவள் திரும்பி வந்துவிட்டாள்.

முதலில் நாச்சிமுத்து எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் கொடுத்தார். அதற்கும் ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். "என்ற புள்ளை வேலைக்குப் போறேங்குது, நீங்க பாட்டுக்குச் சரின்னுட்டீங்க. தலைவருன்னா நாலு வார்த்தை விசாரிக்க வேண்டாமுங்களா?" என்று சூலூரிலிருந்து ஒருவர் வந்து மாடியில் நின்று கத்தினார். நாச்சிமுத்துவும் சரியென்று விசாரிக்க ஆரம்பித்தார். விசாரித்தால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். பேசினால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொன்னால் தேங்காய் பழத் தட்டு வருகிறது. யாரோ ஒரு சால்வை போர்த்தினார்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இரண்டாவது சால்வைக்குச் சொல்லவில்லை. கீழே காயில் சுற்றும் கடைக்காரர் டோக்கன் கொடுக்கவும் டீ விற்கவும் ஆரம்பித்தார். 'உங்க ஃபோனுக்கு நீங்கதான் முதலாளி' என்ற எழுத்துக்குக் கீழே, அது மறைகிற மாதிரி ஒரு பெரிய நாற்காலி வந்தது. 'ரூட்டையா' என்று பேராகிவிட்டது. தன் வீட்டில் தான் முடிவெடுக்க வேண்டிய காரியத்தை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தன்னார்வலர்கள் கொதித்தார்கள். இந்தக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு வந்தால் பிரிந்துபோய் வேறு பேரில் கடை திறப்பது மரபு. பதினோரு பேர் பிரிந்தார்கள். பதினோரு பெயர் வைத்து, பதினோரு சின்னம் வரைந்து, எந்தச் சின்னம் எதைக் காப்பியடித்தது என்று சண்டை போட்டார்கள். அந்தத் திருத்தத்தைச் சேர்க்க மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆடி முடிகிற சமயம் டாக்டர் அருள்ஜோதி திருமூர்த்தியின் தலையைத் தடவிப் பார்த்தார். "வீக்கம் நல்லா வடிஞ்சிருச்சு. இனியும் தள்ளிப் போட்டா வயித்துக்குள்ள இருக்கற எலும்பு கரைய ஆரம்பிச்சுரும். இந்த வாரமே வெச்சரலாம். சம்மதம் வாங்கிட்டு வந்துருங்க."

கோகிலவாணி செயலியில் விண்ணப்பித்தாள். நிலுவை. அடுத்த நாளும் நிலுவை. வேலைப்பளுவில் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக் கணபதிக்குக் கிளம்பினாள். மாடிப்படி முழுக்க ஆட்கள். அவள் தினம் ஏறி இறங்கிய படி. "டோக்கன் எடுத்துட்டு வாங்க" என்றார் காயில் கடைக்காரர், அவளைத் தெரிந்துகொண்டே. எடுத்தாள்.

வெயில் சாயும் நேரம் அவள் முறை வந்தது. நாச்சிமுத்து மடியில் திரையை வைத்துக் குனிந்திருந்தார். மேலே சால்வை. எதிரே யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"என்ன விசயமுங்க?"

"ஆபரேசனுக்குச் சம்மதம் வேணும்."

"யாருக்கு?"

"என்ற வீட்டுக்காரருக்கு."

"வீட்டுல மத்தவங்கல்லாம் என்ன சொல்றாங்க? எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து பேசுனீங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "மத்தவங்க இருபத்தஞ்சு பேரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அச்சு அடிக்கிறவரு சரீன்னுட்டாரு."

அவர் காதில் அது விழவில்லை. விரல் திரையில் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டது. "யோசிச்சுச் சொல்றேன். அடுத்தது."

கோகிலவாணி நகரவில்லை. பின்னால் நின்றவர் அவள் தோளைத் தொட்டார்.

"நீங்க மெதுவா யோசிங்க ரூட்டையா. அதுவரைக்கும் அந்த எலும்பு அவரு வயித்துலயே கரைஞ்சுட்டு இருக்கட்டும்."

நாச்சிமுத்துவின் விரல் நின்றது. தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவர் கட்டிய ஃபோன் மாதிரியே ஆகிவிட்டார் மனிதர்.

"டோக்கன் எடுத்துட்டா வந்தே?" என்று கடைசியில் கேட்டார்.

"எடுக்காம வந்தா விடமாட்டேங்கறாங்கண்ணா."

சால்வையை உருவி நாற்காலியின் கையில் போட்டார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "நீயின்னே தெரியல அம்மணி. அன்னைக்கு எதுக்காக விரலை வெச்சனோ அதே காரியம். அதையே அடுத்ததுன்னுட்டேன். தூ, கெரகம்!" டோக்கனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அந்தத் திருத்தம் இன்னும் இருக்குதா?" என்றார்.

"நீங்க சேக்கலீன்னா அது எங்க போகும்? அங்கயேதான் நிக்குது. ஆனா அண்ணா, அதைச் சேத்துட்டா நீங்க..."

"நான் எப்பவோ போயாச்சு. இங்க உக்காந்திருந்தவன் ரூட்டு. அவன் ரொம்ப நாள் இருந்தா நல்லதில்ல, பாத்தீல்ல?"

மடிக்கணினியை இழுத்துத் திருத்தத்தைத் திறந்தார். வழக்கம்போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்று குறை சொன்னார். சம்மதம் என்று அமுக்கினார். ரூட் கொடுத்த கடைசிச் சம்மதம் அது.

பொழுது இருட்டுவதற்குள் மூன்று லட்சம் ஃபோன்களும் தங்களைப் புதுப்பித்துக்கொண்டன. படியில் நின்றிருந்தவர்களின் ஃபோன்களில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் அவரவர் பெயர் வந்தது. சுதந்திரம் வந்துவிட்டதே, ஜனங்கள் குதித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? "காலைல இருந்து நிக்கறேன், இப்ப என்னையே முடிவெடுக்கச் சொன்னா என்ன நாயம்?" என்று டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார் ஒருவர். கடைக்காரர் மீதி டீயைக் கீழே கொட்டினார்.

ஆஸ்பத்திரியில் ரோஸ்லின் திரையைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டாள். "அடடா, கூட்டுக் குடும்பம் பிரிஞ்சிருச்சுங்களா? பெரியவரையும் காணோம்."

"தனிக்குடித்தனம் வந்துட்டோமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் விரலை வைத்தாள் கோகிலவாணி. எலும்பு அதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திருமூர்த்தி வீட்டுக்கு வந்த அன்று, கணபதியிலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் நடந்தே வந்து வாசலில் நின்றார் நாச்சிமுத்து. பஸ் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ரேஷன் இல்லை, வங்கி இல்லை. வாடகைக்கு இருந்த அறையில், ஆளே இல்லாத வீடு என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். "சித்த தண்ணி குடும்மா" என்றார்.

அவள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தன் ஃபோனை எடுத்தாள். கதம்பத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம், அது பலருக்கென்று பிறந்தது. மனிதர்களை மட்டும் சொல்லு என்பதுதான் அவள் திருத்தம். இதோ ஒரு மனிதர் நிற்கிறார். ஒரே வரியில் புதுக் கணக்குத் தொடங்கினாள். "விரலை வைங்கண்ணா."

செயலி யோசித்தது. பச்சை டிக் விழுந்தது. 'குடும்பத்துக்குப் புதிய வரவு. வாழ்த்துகள்!' கணக்குத் தொடங்கிய தேதிதான் பிறந்த தேதி என்று வாரியம் எடுத்துக்கொண்டது.

திருமூர்த்தி தலைக்கட்டோடு எட்டிப் பார்த்தான். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வந்தது. "நமக்கு... பையனா?" என்றான். அப்புறம் நாச்சிமுத்துவின் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "என்னை விட மூத்தவனா இருக்கானே" என்றான். கோகிலவாணி பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

நாச்சிமுத்து அங்கேயே முன்னறையில் தங்கினார். யாருக்கும் சம்மதம் கொடுக்க வேண்டியதில்லை என்றால் மனிதருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது! ஒரு மத்தியானம் கோகிலவாணியின் ஃபோனைக் குடைந்துகொண்டிருந்தவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "இத்தனை வருசமா ஹார்டுவேரைத் திட்டிட்டு இருந்தோம் அம்மணி! மைக்கு நல்லாத்தான் இருக்குது. அது ரூட்டு கைல மட்டும் இருந்திருக்கு. வேற யாரு பேசுனாலும் எடுத்துக்காது. மாத்திட்டேன். சரியாச்சான்னு யாருகிட்டயாவது பேசித்தான் பாக்கோணும்."

அதற்குள் ஃபோனே அடித்தது. கோகிலவாணி எடுத்தாள்.

"வணக்கமுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து பேசறேன். உங்க வீட்டுல புதுசாக் குழந்தை பிறந்திருக்குன்னு வந்திருக்குதுங்க. புதன்கிழமை தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வரோணும். குழந்தைக்குப் பேரு வெச்சாச்சுங்களா?"

பழக்கத்தில் அவள் பதில் சொல்லாமல் நின்றாள். நாச்சிமுத்து பேசு, பேசு என்று கையை ஆட்டினார்.

"வெச்சாச்சுங்க" என்றாள். "நாச்சிமுத்து."

எதிர்முனையில் ஒரு கணம் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாச்சிமுத்து" என்றது அந்தக் குரல், எழுத்துக் கூட்டிக்கொண்டே. "நல்ல பேருங்க. எழுதிக்கிட்டேன்."

"கேட்டுருச்சு! அம்மணி, அந்தப் பக்கம் கேட்டுருச்சு!" என்று குதித்தார் நாச்சிமுத்து. குதித்தவர், அந்தப் பெண் என்ன பேரைச் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தமாதிரி மெல்ல உட்கார்ந்தார். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லச் சொல்லு" என்றார்.